பையைப் பிரிக்காத பையன்: ஏழு நாள் கோடை முகாம், ஒரு நிகழ்வு ஆய்வு

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே, ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் கடந்த மே மாதம் ஏழு நாள் கோடை முகாம் நடத்தினோம். 34 பிள்ளைகள், ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரை. பெரியவர்கள் ஆறு பேர். சமையலுக்கு உள்ளூர் ஆச்சி ஒருவரும் அவர் மருமகளும். நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியர், முகாமுக்குப் பொறுப்பாளன். அந்த 34 பேரில் ஒரே ஒரு பையனைப் பற்றியதுதான் இந்தக் குறிப்பு. அவன் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

முகாம்

திங்கள் காலை ஆரம்பம், ஞாயிறு மாலை முடிவு. கட்டணம் 2,800 ரூபாய். வசதி இல்லாத எட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வகுப்பறைகளே தங்குமிடம், ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு, பெண்பிள்ளைகளுக்கு இரண்டு. முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்து, எந்தப் பெரியவராவது 'வீட்டில் சொல்லாதே' என்று சொன்னால் அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும் என்று பேசினோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினோம். ஆற்றுக் குளியல் காலையில் மட்டும், இரண்டு தவணையாக, நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர், படித்துறையைத் தாண்டக் கூடாது. தாமிரபரணி பார்க்கச் சாதுவாகத்தான் ஓடும். மணல் அள்ளிய குழி மேலே இருந்து பார்த்தால் தெரியாது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் ஏறுவதும் உடனே தெரியாது. இதிலெல்லாம் கறாராகத்தான் இருந்தோம். நாங்கள் சறுக்கியது வேறு இடத்தில்.

பையன்

ஐந்தாம் வகுப்பு முடித்தவன். வீடு பாளையங்கோட்டையில். அப்பாவுக்குச் சென்னையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். அம்மா வங்கியில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவனுக்கு எல்லாமே வீட்டிலிருக்கும் ஆச்சிதான், அவன் பாட்டி. ஜூனில் புதுப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர வேண்டும். "அதற்குள் கொஞ்சம் தைரியம் வரட்டும்" என்று விண்ணப்பத்தில் அம்மா எழுதியிருந்தார்.

சித்தி வீட்டுக்குப் போனால்கூட ராத்திரி படுக்கத் தன் வீட்டுக்கு வந்துவிடுகிற பையன் அவன். ஓர் இரவுகூட வெளியே தங்கிப் பழக்கம் இல்லை. இதை அவர்கள் மறைக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். ரத்த வகை என்னவென்று கேட்டிருந்தோம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் எங்களுக்குப் பிந்தித்தான் தெரியவந்தன. முகாம் மூன்று நாள் என்று சொல்லித்தான் அவனைக் கிளப்பியிருக்கிறார்கள். வாசலில் இறக்கிவிடும்போது அம்மா அவன் காதில், "பிடிக்கலன்னா ஒரு போன் போடு, அம்மா வந்து கூட்டிட்டுப் போயிருதேன்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டுமே பாசத்தில் செய்ததுதான். பையன் பட்ட பாட்டில் பாதி அந்த வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் இரண்டு நாள்

திங்கள்கிழமை அவன் அழவில்லை. எல்லாவற்றிலும் சேர்ந்துகொண்டான், கோலிகூட ஆடினான். ஆனால் ராத்திரி மற்றப் பையன்கள் பையைக் கவிழ்த்துப் போர்வை, டூத்பிரஷ், முறுக்கு டப்பா எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டிருந்தபோது, அவன் ஜிப்பைத் திறந்து போர்வையை மட்டும் உருவிவிட்டுத் திரும்ப மூடினான். காலையில் போர்வையை மடித்து உள்ளே வைத்து மறுபடி மூடினான். அந்த அறையைப் பார்த்துக்கொண்ட தம்பி இதைத் தன் நோட்டில் எழுதியிருந்தார், 'சுத்தமான பையன்' என்று!

சாயங்காலம் ஏழு மணி வீட்டுக்குப் போன் பேசும் நேரம், ஆளுக்கு மூன்று நிமிஷம். பெற்றோர் வற்புறுத்தியதால் வைத்த ஏற்பாடு. அதன் விளைவை முதல் நாளே பார்த்தோம். ஆறரை வரை குதித்துக்கொண்டிருந்த கூட்டம் ஆறே முக்காலுக்கு வரிசையில் நின்றது, ஏழரைக்குப் பத்துப் பிள்ளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். போதாததற்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் செங்கோட்டைத் தண்டவாளம். திருநெல்வேலி பக்கம் போகிற வண்டி கூவினால், எங்கள் பையன் விளையாட்டை விட்டுவிட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் போய் நிற்பான். கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் நின்று பார்ப்பான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வயிற்று வலி என்றான். சாப்பாடு வேண்டாம் என்றான். எங்களுக்குள் பேசிக்கொண்டோம்: "வீட்டு நினைப்பு. ரெண்டு நாள்ல சரியாயிரும்." இருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப்போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "மோஷன் போனியா?" என்று கேட்டார். "போனேன் சார்." நான் ஒருபுறம் நிற்கிறேன், காலில் முள் குத்தியதென்று வந்த இரண்டு பையன்கள் மறுபுறம் நிற்கிறார்கள். வேறு என்ன சொல்வான்? காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார். நான் நோட்டில் 'வீட்டு ஏக்கம்' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

பெயர் வைத்தாகிவிட்டது. அதற்கப்புறம் நாங்கள் ஒருவருமே தேடவில்லை.

அன்று சாயங்காலப் போனில் விம்மி விம்மி அழுதான். அம்மா, "நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டார். பிறகு என்னிடம் பேசி, மாதக் கணக்கு முடிக்கிற வேலை இருப்பதால் வர முடியாது, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

ஆச்சி கேட்ட கேள்வி

புதன் விடிகாலை ஐந்தரை மணிக்கு அவன் எழுந்து அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறான். சமையல் ஆச்சி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவனிடமும் நாலு வெங்காயத்தைத் தள்ளியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாராம்: "எய்யா, வெளிக்குப் போய் எத்தன நாளாச்சு?"

அவன் யோசித்து, "ஞாயித்துக்கிழம" என்றிருக்கிறான்.

டாக்டர் கேட்டதும் இதே விஷயந்தான். ஆனால் 'போனியா' என்று கேட்டால் 'போனேன்' என்று ஒரு வார்த்தையில் தப்பித்துவிடலாம். 'எத்தனை நாளாச்சு' என்று கேட்கும்போது, போகாமல் இருப்பது நடக்கிற காரியந்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதும் கேள்விக்குள்ளேயே வந்துவிடுகிறது. தவிர, கேட்கும்போது ஆச்சி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பெரியவர்கள் இருந்தோம், அதில் மூன்று பேர் பி.எட். முடித்தவர்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷமும் அவன் கழிப்பறைக்குப் போனதே இல்லை, வீடு வரும்வரை அடக்கிக்கொள்வான். எங்கள் முகாமில் இருந்ததெல்லாம் குந்தி உட்காரும் கழிப்பறை. கழுவிச் சுத்தமாகத்தான் வைத்திருந்தோம். ஆனால் ஒன்றில் தாழ்ப்பாள் ஆடும், இன்னொன்றில் பல்பு இல்லை. தாழ்ப்பாள் ஆடுகிற கதவை வெளியிலிருந்து தள்ளிப் பார்ப்பது பையன்களுக்கு ஒரு விளையாட்டு. இவன் கண்ட வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. கத்திரி வெயிலில், இரண்டு நாள்! வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

தலைமையாசிரியர் அறையை ஒட்டி ஒரு மேல்நாட்டுக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவியை வாங்கினோம். ஆச்சி வெந்நீரும் இரண்டு நாட்டுப்பழமும் கொடுத்தார். மத்தியானத்துக்குள் வலி போய்விட்டது. அன்றைக்குக் கூட்டாஞ்சோறு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். தாழ்ப்பாளுக்கு 40 ரூபாயும் பல்புக்கு 90 ரூபாயும் ஆனது. ஞாயிற்றுக்கிழமையே போட்டிருக்க வேண்டிய செலவு.

இதைக் கேள்விப்பட்டதும் மற்றப் பிள்ளைகளிடமும் ஆச்சியின் பாணியில் கேட்டுப் பார்த்தோம். இன்னும் நாலு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் கிராமத்துப் பிள்ளைகள். ஆக, இது டவுன் பிள்ளையின் நாசூக்கு மட்டும் இல்லை. புது இடம், இருட்டு, ஆடுகிற கதவு என்றால் எந்தப் பிள்ளையும் அடக்கத்தான் பார்க்கும்.

வாக்கு

வயிறு சரியாயிற்று. சாயங்காலம் வண்டி கூவியதும் பையன் மறுபடி சுவரோரம் போய் நின்றான். பை இன்னும் மூடியே இருந்தது. 'மூணு நாள்' கணக்கின்படி அன்றைக்குத்தான் கடைசி நாள்.

அன்று ராத்திரி அவன் அம்மாவோடு ரொம்ப நேரம் பேசினேன். அப்போதுதான் மூன்று நாள் கதையும் காதில் சொன்ன வாக்கும் வெளியே வந்தன. 2007இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் வீட்டு ஏக்கத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. போகலாமா வேண்டாமா என்கிற முடிவில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே ஓரிரு இரவு வெளியே தங்கிப் பழக்குங்கள், பிடிக்காவிட்டால் வந்து கூட்டிப்போகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்று அது சொல்கிறது. கடைசியில் சொன்னதன் காரணத்தை நான் கண்ணாலேயே பார்த்தேன். திரும்பிப்போக ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். அழுதால்தான் கதவு திறக்கும் என்பதும் அதற்குப் புரிந்துவிடும். அதோடு, உன்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள் என்ற செய்தியும் அந்த வாக்குக்குள் இருக்கிறது.

"சார், நான் பொய் சொன்னேன்னு அவன்ட்ட எப்படிச் சொல்ல?" என்றார் அம்மா. எனக்கும் வழி தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்றேன்.

வியாழன் காலை சொன்னார். ஏழு நாள், அம்மா உன்னிடம் மூணு நாள் என்று சொன்னது தப்பு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவேன், அதுக்கு முன்னால் வர மாட்டேன். பையன் அழவில்லை. கோபம் வந்தது. போனை என் கையில் திணித்துவிட்டுப் போனான். இனிமேல் அம்மாகூடப் பேச மாட்டேன் என்று ஆச்சியிடம் போய்ப் பிராது வைத்தான். ஆச்சி, "பேசாண்டாம், தேங்காயத் துருவு" என்றார்.

அன்று ராத்திரி பையைப் பிரித்தான். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாயில் பரப்பினான். அடியில் வீட்டு ஆச்சி வைத்துவிட்ட அதிரசம் நாலு நாளாகப் பூட்டிக் கிடந்தது. அறை முழுக்க ஆளுக்குப் பாதி கொடுத்தான்.

தினசரிப் போனை அத்தோடு நிறுத்தினோம். பெற்றோருக்கு ராத்திரி ஒரு படமும் இரண்டு வரிச் செய்தியும் அனுப்பினோம். அவசரம் என்றால் எந்த நேரமும் என்னைக் கூப்பிடலாம். ஒரு தகப்பனார், "இது என்ன முகாமா, பாளையங்கோட்டை ஜெயிலா?" என்று கேட்டார். வருத்தந்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி அழுதது ஒரே ஒரு பிள்ளைதான், அதுவும் பல்வலியால்.

எல்லாப் பிள்ளையையும் ஏழு நாள் பிடித்து வைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொள்ளவும் கூடாது. நாலாம் நாள் காய்ச்சல் வந்த ஒரு பெண்பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினோம். சாப்பாடும் தூக்கமும் இரண்டு மூன்று நாள் அடியோடு நின்றுபோனாலோ, பிள்ளை தன்னைத்தானே வருத்திக்கொள்வது போல் பேசினாலோ அனுப்பிவிட வேண்டியதுதான். அது தோல்வி இல்லை.

பத்தமடை

நாங்கள் போட்டிருந்த அட்டவணையை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒரு நாளைக்குப் பதினோரு நிகழ்ச்சி. யோகா, கணிதப் புதிர், களிமண், சிலம்பம், கதை என்று கொடுத்த காசுக்கு வஞ்சகம் இல்லாமல் அடைத்திருந்தோம். பெற்றோருக்கு அது ரொம்பப் பிடித்தது. பிள்ளைகள் ஒன்றை ரசிக்க ஆரம்பிக்கும்போது விசில் ஊதி அடுத்ததற்கு ஓட்டினோம்.

வியாழக்கிழமை பத்தமடையில் பாய் நெசவு பார்க்கப் போனோம். அட்டவணைப்படி 40 நிமிஷம். ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, மெல்லிய ஈர்க்காகக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துத்தான் தறியில் ஏற்றுவார்கள். நீளவாட்டில் ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடு கோரை. கிழிப்பது எவ்வளவு மெலிசோ பாய் அவ்வளவு மழமழப்பு. பட்டுப்பாய் என்பது அப்படி வருவதுதான். மற்றப் பிள்ளைகள் தறியை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே ஐஸ் வண்டிக்கு ஓடினார்கள். எங்கள் பையன் கோரை கிழிக்கிற அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தான். அவர் ஒரு தண்டைக் கொடுத்தார். முதல் கிழிசல் பாதியிலேயே ஓடி அறுந்தது. "பைய, பைய" என்றார், அவ்வளவுதான் பாடம். பதினைந்தோ இருபதோ அறுத்த பிறகு, அடி முதல் நுனி வரை ஒன்று ஒழுங்காக வந்தது.

வேன் ஹாரன் அடித்தது. கூட வந்த ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "நான் இவன்கூட இருந்து பஸ்ல கூட்டிட்டு வாரேன், நீங்க போங்க சார்" என்றார் அவர். சேரன்மகாதேவி வழியாகப் பஸ் பிடித்து அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. இரண்டரை மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறான். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாய்த் துண்டு, அந்த அம்மா நெய்து கொடுத்தது, அதில் நாலு வரிசை இவன் கிழித்த கோரை. எந்த நாலு என்று கேட்டால் தொட்டுக் காட்டுவான். தடியாக இருப்பதுதான் அவனுடையது.

சனிக்கிழமை காருகுறிச்சிக் குயவர்களிடம் போனோம். சக்கரத்தில் உட்கார மாட்டேன், கை பிசுபிசுக்கும் என்று சொல்லிவிட்டான். சரி என்று விட்டோம். அதற்குள் எங்களுக்கும் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. பதினோரு நிகழ்ச்சி ஐந்தாகக் குறைந்திருந்தது. மூன்றரையிலிருந்து ஐந்து வரை ஒன்றுமே கிடையாது, வேப்ப மரத்தடியில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். யாரோ கொண்டுவந்த நுங்கைத் தின்று, கூந்தலை, அதாவது நுங்கெடுத்த காயை, வைத்து வண்டி செய்து ஓட்டியதுதான் முகாமிலேயே பெரிய கும்மாளம். அது எங்கள் அட்டவணையிலேயே இல்லை.

எல்லாருக்கும் ஒரே முகாம் இல்லை

இடையில் இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம், பன்னிரண்டு வயது, லீவு நாளில் ஆடு மேய்ப்பவள். வீட்டு நினைப்பு, வயிற்று வலி எதுவும் கிடையாது. எங்களுக்கு ரொம்பச் சௌகரியமான பிள்ளை, அதனாலேயே நாங்கள் அவளைக் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கூந்தன்குளம் போனோம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம். பட்டைத்தலை வாத்துகள் குளிர்காலம் முடிந்து வடக்கே போய்விட்டன. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு வைத்திருந்தன. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தபோது இவள், "எங்க ஊருக்கு அடுத்ததுதான் சார் இது, நான் தினமும் பாக்குதேன்" என்றாள். உடனே அவளையே விளக்கம் சொல்லவிட்டோம். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு எப்படி உரமாகிறது, பறவைகள் மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு ஏன் வெடி போடுவதில்லை என்று அவள் சொன்னது, நான் தயாரித்து வைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது. ஆனால் அது எங்களுக்குக் கிடைத்தது. அவளுக்கு என்ன கிடைத்தது? டெலஸ்கோப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டிருக்கிறாள். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987இல் தொடங்கிய மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம். கோரையும் களிமண்ணும் பறவையும் டவுன் பிள்ளைக்குத்தான் அதிசயம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி

அம்மா சரியாக நாலு மணிக்கு வாசலில் நின்றார். மூன்றுக்கே வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்ததாக அப்புறம் சொன்னார். பையன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. நடந்து போய்ப் பாய்த் துண்டைக் காட்டினான்.

"முகாம் எப்படி இருந்துச்சு?" என்று வீட்டில் கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் கிளம்புகிற பெற்றோரிடம், வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினோம். யார் பக்கத்தில் படுத்தாய், எந்தச் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை, எது உனக்கு வரவே இல்லை, இப்படி. ஆச்சியிடம் கற்றது.

செவ்வாய்க்கிழமை கடிதம் எழுதும் நிகழ்ச்சியில் பிள்ளைகள் ஐம்பது காசு அஞ்சலட்டையில் வீட்டுக்கு எழுதியிருந்தார்கள். இவனுடையது அடுத்த திங்கள்தான் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தது. தபால்காரரிடம் வாங்கியது அவனேதான். 'அம்மா வயிறு வலிக்கு. நாளைக்கே வா. இது யாருக்கும் தெரியாண்டாம்.' படித்துவிட்டு அம்மாவிடம் கொடுக்காமல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டானாம். இரண்டு மாதம் கழித்துத்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

இந்த வருஷ விண்ணப்பத்தில் புதிதாக மூன்று கேள்விகள். பிள்ளை இதற்குமுன் வெளியே எத்தனை இரவு தங்கியிருக்கிறது? முகாம் எத்தனை நாள் என்று பிள்ளைக்குத் தெரியுமா? எந்த வகைக் கழிப்பறை பழக்கம்? மூன்றாவது கேள்விக்கு இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போன் செய்தார்கள். பொறுமையாக விளக்கினேன். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு யார் பை இன்னும் மூடியிருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்ப்பதையும் வேலைப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.

அந்தப் பையன் இந்த வருஷம் வரவில்லை, நீச்சல் வகுப்பு இருக்கிறதாம். அவன் தங்கச்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பம் கொடுக்க வந்த அம்மாவிடம் பாய்த் துண்டு இருக்கிறதா என்று கேட்டேன். அவன் மேஜையில்தான் இருக்கிறது, ஆனால் வீட்டு ஆச்சி அதன்மேல் காபி டம்ளரை வைத்துவிடுகிறார் என்று வீட்டில் தினமும் சண்டையாம்.